குரலைப் பதியும் கருவிகள்

கதை வாசிக்கவோ பாடம் சொல்லவோ தம் குரலை வீட்டிலிருந்தே பதிவு செய்ய விரும்புகிறவர்கள், கடைக்குச் சென்றதும் எந்த மைக் உயர்ந்தது என்று விசாரிக்கிறார்களேயல்லாமல், தம் அறைக்கு எது பொருத்தம் என்று யோசிப்பதில்லை. தேர்வின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

மைக்குகளில் பிரதானமானவை இரண்டு வகை. டைனமிக் மைக்கில், மெல்லிய தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. சுருளின் பாரத்தையும் குரலே சுமந்து அசைக்க வேண்டியிருப்பதால் அதை வாயருகே வைத்துப் பேசுவது அவசியம், அப்படிப் பேசும்போது குரல் ஓங்கி, சுற்றுப்புற ஓசை தாழ்ந்துவிடுகிறது. 1916-இல் அமெரிக்காவில் ஈ. ஸி. வென்டி கண்டுபிடித்த கண்டன்சர் மைக்கிலோ சுருளே இல்லை. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமுள்ள சவ்வு, மின்னூட்டம் பெற்ற தகட்டின் முன்னே அதிர, இடைவெளியின் மாறுதலே மின்சாரமாகிறது. பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரத்தை வெளியிலிருந்து பெற்று இயங்கும் இக்கருவி, மூச்சின் நுட்பத்தைப் பதிவது போலவே மின்விசிறியின் இரைச்சலையும் அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலையும் தவறாமல் பதிந்துவிடும்.

ஆகவே முதலில் அறையைப் பரீட்சிக்க வேண்டும். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்: வெறுஞ்சுவரும் மொசைக் தரையுமாக உள்ள அறையில், தட்டிய ஓசை அடங்கிய பின்னும் கணகணவென்ற சப்தம் தொடரும். ஜமக்காளம் விரித்து, கனத்த திரை தொங்கவிட்டு, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்தால் அது பெருமளவு தணியும். தணியாத அறைக்கு டைனமிக் மைக்கே உசிதம். அமைதியான அறை வாய்த்தவர் கண்டன்சரை நாடலாம்.

தூரமும் முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி இரட்டித்தால், நேரே வந்து சேரும் குரலின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஒரு சாண் தூரத்தில், 'ப' என்னும் எழுத்தின் காற்று நேரே தாக்காதபடி மைக்கைச் சற்றே பக்கவாட்டில் வைப்பது நலம்.

கம்ப்யூட்டரில் நேரே இணையும் யு.எஸ்.பி. மைக் ஆரம்பகாலத்துக்குப் போதும். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுத்தால் பேச்சுக்கு யாதொரு குறைவுமில்லை. விலையுயர்ந்த கருவியை வாங்குமுன், அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கனத்த திரைக்கும் காதை மூடும் ஹெட்போனுக்கும் செலவிடுங்கள். குரலின் தெளிவுக்கு முதல் உதவி அவற்றிலிருந்தே கிடைக்கும்.