அஞ்சிய வீரர்கள்

கிழக்கிலங்கையில் செட்டிபாளையத்துக்குத் தெற்கே பாண்டிருப்பில், பாரதக் கதையைச் சடங்காக நிகழ்த்தித் தீமிதிப்போடு நிறைவு செய்யும் திரௌபதை அம்மன் உற்சவத்தைக் கண்டோர்க்கு விராட இளவரசன் உத்தரகுமாரன் அந்நியனல்லன். அந்தப்புர மகளிர் முன் வீரம் பேசிப் புறப்பட்டு, கௌரவ சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்தோடிய அவ்விளைஞனை அர்ச்சுனன் துரத்திப் பிடித்து, வன்னிமரத்தில் ஏற்றி ஆயுதங்களை இறக்கச் செய்து, தன் தேர்ப்பாகனாகவும் அமர்த்தினான்.

2023இல் மடோன் அஷ்வின் இயக்கிய ‘மாவீரன்’ திரைப்படத்திலோ, சித்திரக்கதையில் மாத்திரம் வீரனைப் படைக்கும் பயந்த சுபாவமுள்ள சத்யாவை, அவன் செவிக்கே ஒலிக்கும் அசரீரி யுத்தத்துக்கு இழுக்கிறது. அக்குரல் விஜய் சேதுபதியுடையது. அது ஒலிக்கும்போதெல்லாம் சத்யாவாக நடித்த சிவகார்த்திகேயன் திகைத்து அண்ணாந்து பார்க்கும் பார்வையில் தெரியும் பயம், வானில் பறக்கும் வீரர் எவரிடத்தும் காணக் கிடையாத மனிதத்தன்மை உடையது. தரமற்ற அடுக்குமாடியில் குடியேற்றப்பட்ட ஏழைகளுக்காக அமைச்சரையே எதிர்த்து நின்றவனும் அந்தச் சத்யாதான்.