மோட்டார் சைக்கிள் ஒலிபெருக்கியில் ரீங்காரம்: காரணமும் நீக்கும் வழியும்

கிராமந்தோறும் சென்று செய்தி அறிவிக்கும் களப்பணியாளர் பலர், தாம் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிளிலேயே ஒரு சிறிய ஸ்டீரியோப் பெருக்கியையும் இரண்டு ஒலிபெருக்கிகளையும் பொருத்திக் கொள்கின்றனர். அறிவிப்பையும் பாட்டையும் முன்னரே பதிவு செய்து, கையடக்க ஒலிக்கருவியிலோ செல்பேசியிலோ வைத்துக்கொண்டு, ஒரு கம்பியின் வழியே பெருக்கிக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது பொதுவான எண்ணம். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாம் செவ்வையாகவே கேட்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் ஒரு ரீங்காரம் எழுகிறது. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக அதன் சுருதியும் ஏறுகிறது. தடுப்பூசி போடும் நாள் எது, பயிர் மருந்தை எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்பன போன்ற விவரங்கள் அந்த ரீங்காரத்தில் அமிழ்ந்துவிடுகின்றன. பெருக்கி பழுது என்று கருதி வேறொன்று வாங்குவோரும் உளர். பெரும்பாலான இடங்களில் குற்றம் பெருக்கியினுடையது அன்று, இணைப்பினுடையது.

ரீங்காரத்தின் பிறப்பிடம் வண்டியின் ஆல்டர்னேட்டர் ஆகும். எஞ்சினின் சுழல்தண்டோடு சுற்றும் காந்தச் சக்கரமும், அசையாது நிற்கும் கம்பிச் சுருள்களும் சேர்ந்ததே இது. இதில் தோன்றும் மாறுமின்னோட்டத்தை ரெக்டிஃபயர் ஒரே திசையில் பாயுமாறு திருத்தி, ஏறத்தாழ 14 வோல்ட் அழுத்தத்தில் பாட்டரிக்கு அனுப்புகிறது. இவ்வாறு திருத்தப்பட்ட மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தாலும், அமைதியான நீரோட்டம் போன்றதன்று. அதில் சிற்றலைகள் உண்டு. 12 காந்த முனைகளும் மூன்று கட்டச் சுருள்களும் உள்ள ஓர் ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொள்வோம். சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஒவ்வொரு கட்டத்திலும் 6 முழு அலைகள் தோன்றும். மூன்று கட்டங்களையும் திருத்தியபின் அலை ஒன்றுக்கு 6 மேடுகள் வீதம் 36 மேடுகள் கிடைக்கும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று, அதாவது வினாடிக்கு 50 சுற்று ஓடினால், வினாடிக்கு 1800 மேடுகள் எழும். நம் காதுக்கு மிக நன்றாகக் கேட்கக்கூடிய சுருதி இது. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் நுண்ணொலிகளும் பெரும்பாலும் வினாடிக்கு 1000 முதல் 4000 அதிர்வுகள் வரையுள்ள எல்லைக்குள்ளேயே அமைகின்றன. ஆதலின் பாட்டு ஒருவாறு பிழைத்துக்கொள்ள, பேச்சே முதலில் கெடுகிறது.

இந்தச் சிற்றலை ஒலிச் சைகையோடு கலக்கும் விதம் கவனிக்கத்தக்கது. மோட்டார் சைக்கிளில் பாட்டரியின் எதிர்முனை வண்டியின் இரும்புச் சட்டகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. விளக்கு, ஹாரன் முதலியவற்றின் மின்னோட்டம் சட்டகத்தின் வழியாகவோ அதனோடு சேர்ந்த கம்பிகளின் வழியாகவோ பாட்டரிக்குத் திரும்புகிறது. இரும்பாயினும் தடை அடியோடு இல்லாமற் போவதில்லை. துருவேறிய ஒரு போல்ட்டில் 0.01 ஓம் தடை இருத்தல் இயல்பே. 35 வாட் முகப்பு விளக்கு ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. (2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் இவ்விளக்கு எரியுமாறு அமைக்கப்படுவதால், பகலிலும் இச்சுமை உண்டு.) ஓமின் விதிப்படி அந்தப் போல்ட்டின் இருபுறத்திற்கும் இடையே 30 மில்லிவோல்ட் வேறுபாடு தோன்றும். அதில் சிற்றலையின் பங்கு பத்தில் ஒன்றேயாயினும் 3 மில்லிவோல்ட் ஆகிறது.

இனி இணைப்பைக் காண்போம். ஒலிக்கருவி வழியில் மின்னேற்றம் பெறும்பொருட்டு வண்டியின் 5 வோல்ட் சார்ஜருடன் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் கருவியின் எதிர்முனை சட்டகத்தின் ஓரிடத்தோடு சேர்ந்துவிடுகிறது. கருவியிலிருந்து செல்லும் ஒலிக் கம்பியின் வெளியுறை பெருக்கியின் எதிர்முனையோடு சேர்கிறது; அதுவோ சட்டகத்தின் மற்றோரிடத்தில் முடுக்கப்பட்டுள்ளது. இவ்வாறு ஒரு முழு வளையம் உருவாகிறது. அவ்விரண்டு இடங்களுக்கும் இடையேயுள்ள 3 மில்லிவோல்ட் சிற்றலை ஒலிச் சைகையோடு தொடராகச் சேர்ந்து பெருக்கிக்குள் நுழைகிறது. ஒலிக்கருவி தரும் சைகை உரத்த இடங்களில் சுமார் 300 மில்லிவோல்ட் இருக்கலாம். மெல்லிய இடங்களிலும் சொற்களுக்கு இடையிலும் அது நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்போது சைகையும் இரைச்சலும் சம வலிமை உடையனவாகின்றன.

இதைச் சோதித்தறியக் கருவி எதுவும் வேண்டா. எஞ்சின் ஓடும்போது சார்ஜர் கம்பியை மட்டும் பிடுங்குக. ரீங்காரம் உடனே மறைந்தால் வளையமே காரணம். மறையாவிடில், சிற்றலை பெருக்கியின் மின்வழங்கு கம்பிகள் வாயிலாக வருகிறது எனக் கொள்ளலாம். பெருக்கியின் இரு கம்பிகளையும் சட்டகத்தில் அல்லாமல் நேரே பாட்டரியின் முனைகளிலிருந்து, நேர்முனையை ஒட்டி 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, எடுத்து வருதல் வேண்டும். ரீங்காரத்துக்குப் பதிலாக டக் டக் என்னும் ஒலி கேட்டால் அது தீப்பொறிச் செருகியின் வேலை. ஒலிக் கம்பியை எரிபற்றல் கம்பிச்சுருளிலிருந்து விலக்கிக் கொண்டுபோக வேண்டும்.

வளையத்தை அறுக்க எளிய வழி, கருவியை இரவிலேயே வீட்டில் மின்னேற்றிக்கொண்டு வழியில் சார்ஜரை இணைக்காமல் இருப்பதுதான். காலை முதல் மாலை வரை சுற்றுவோர்க்கு இது போதாது. அவர்கள் ஒலிக் கம்பியின் நடுவே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பொருத்தலாம். விரற்கடை அளவே உள்ள இதில், ஒரே உள்ளகத்தின்மேல் சம சுற்றுகள் கொண்ட இரு சுருள்கள் உள்ளன. சைகை காந்தப்புலமாக மாறி ஒரு சுருளிலிருந்து மற்றதற்குச் செல்கிறது. உலோகத் தொடர்பு இல்லாமையால் வளையம் அறுபடுகிறது. இடப்புறத்துக்கு ஒன்று, வலப்புறத்துக்கு ஒன்று என இரண்டு வேண்டும். ஆசிரியர்கள் இதை வகுப்பில் காட்டலாம்: ஒரு சுருளில் 1.5 வோல்ட் மின்கலத்தைத் தொட்டு எடுத்தால், மற்றதோடு இணைத்த ஹெட்ஃபோனில் தொடும்போதும் எடுக்கும்போதும் மட்டுமே 'டிக்' ஒலி கேட்கும், இடையில் ஒலியிராது. மாறுகின்ற மின்னோட்டம் மட்டுமே கடந்து செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

சிலர் ஒலிக் கம்பியின் வெளியுறையை வெட்டிவிடுமாறு கூறுவர். அதைச் செய்யலாகாது. சார்ஜர் கழன்றிருக்கும்போது, பொதுவழி இல்லாமையால் இடம் வலம் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பெருக்கியை அடையும். இரண்டிலும் சமமாகப் பதிந்துள்ள பேச்சுக்குரல் ஏறக்குறைய மறைந்து, பின்னணி வாத்தியங்களே கேட்கும். புளூடூத் இணைப்பில் செல்பேசிக்கும் பெருக்கிக்கும் இடையே கம்பி இல்லாததால் இத்தொல்லை இல்லை. ஆயினும் தனியான புளூடூத் ஏற்பியை வண்டியின் சார்ஜரில் செருகி, அதிலிருந்து கம்பி வழியே பெருக்கிக்குக் கொடுத்தால் வளையம் மீண்டும் வந்து சேரும்.

செருகியைப் பற்றியும் சில சொற்கள். 1979ஆம் ஆண்டில் வெளிவந்த வாக்மேன் முதல் கையடக்கக் கருவிகளில் வழங்கிவரும் 3.5 மில்லிமீட்டர் செருகியின் நுனி இடப்புறம், நடுவளையம் வலப்புறம், அடிப்பகுதி பொதுமுனை. ஒரே ஒரு கூம்பு ஒலிபெருக்கி உள்ள இடத்தில் இடத்தையும் வலத்தையும் வெறுமனே முறுக்கி இணைத்தால், கருவியின் இரு வெளியீடுகளும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். ஒவ்வொன்றிலும் 1000 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தபின் இணைப்பதே முறை. மைக் வாயிலில் இச்செருகியைச் செருகுவதும் தவறு. அவ்வாயில் சில மில்லிவோல்ட்டுக்கே அமைந்தது. நூறு மடங்கு வலிய சைகை வந்தால் ஒலி கரகரத்து உடையும்.

கடைகளில் 12 வோல்ட்டில் இயங்கும் சிறு பெருக்கிகளின்மேல் 500 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டா. அழுத்தத்தை உயர்த்தும் தனிச்சுற்று உள்ளே இல்லையெனில், 12 வோல்ட்டில் 4 ஓம் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கக்கூடிய தெளிவான திறன், பாலமுறை இணைப்பிலும் 18 வாட்டைத் தாண்டாது. தரமான கூம்புக்கு அதுவே ஒரு தெருவுக்குப் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒலிபரப்பினால் பாட்டரியின் கொள்ளளவை மனத்தில் கொள்க: சராசரியாக 1.5 ஆம்பியர் இழுக்கும் பெருக்கி, இரண்டு மணி நேரத்தில் 3 ஆம்பியர்-மணியைத் தீர்த்துவிடும். 4 ஆம்பியர்-மணி பாட்டரி உள்ள வண்டியை அதன்பின் மின்விசையால் கிளப்ப இயலாது.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்பதற்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பு அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால், அவ்விடத்தைக் கடக்கும்போது பெருக்கியை அணைத்துவிட வேண்டும். பதிவை மாற்றுவதும் ஒலியளவைத் திருத்துவதும் வண்டியை நிறுத்திய பின்னரே செய்யத்தக்கவை.