தீபாவளிப் பண்டும் தீபாவளி வெப்சைட்டும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பட்டாசு என்றால் அன்று பண்டுதான். மானாம்பதியானாலும் சாலவாக்கமானாலும், தெரிந்த மளிகைக் கடைக்காரரோ பக்கத்துத் தெருக்காரரோ பண்டு பிடிப்பார். மாதாமாதம் பணம் கட்டினால் அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். தீபாவளி நெருங்கும்போது பட்டாசுப் பெட்டி, இனிப்பு, எண்ணெய், சில பண்டுகளில் ஒரு பாத்திரமும் வரும்.

அதிலும் ஏமாற்றியவர்கள் உண்டு. 2022-ல் பக்கத்துச் செய்யாறில் தீபாவளிச் சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள் திரண்டு போய்ப் புகார் கொடுத்தார்கள். ஆனால் பணம் வாங்கியவர் யார், எந்த ஊர், வீடு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. போய் நின்று கேட்க ஒரு வாசல் இருந்தது.

பணம் தொடுகிறவரைக் கேள்வி கேட்கும் பழக்கம் உத்திரமேரூருக்கு மிகப் பழையது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் எல்லாரும் சொல்கிறோம். அவற்றில் பொன்னைச் சோதிக்கும் குழுவான பொன் வாரியத்தின் பெயரும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது என்ற விதியும் இருக்கிறது. கையில் வரும் பொன் நல்லதா, பொதுப் பணத்தைத் தொடுகிறவர் யோக்கியரா என்று பார்ப்பதை ஊர் தன் பொறுப்பாக வைத்திருந்தது. தனி ஆள் தலையில் கட்டவில்லை.

இன்று அந்தப் பொறுப்பு தனி ஆள் தலையில்தான் விழுந்திருக்கிறது. இரவு சாப்பாடு முடிந்து படுத்தபடி இன்ஸ்டாகிராம் பார்க்கிற பெண்ணுக்கு 'சிவகாசி நேரடி விலை' என்று ஒரு விளம்பரம் வருகிறது. தொட்டால் வெப்சைட். லட்சுமி வெடி, சங்கு சக்கரம், புஸ்வாணம் என்று படத்தோடு விலைப்பட்டியல். ஆர்டர் போட்டதும் வாட்ஸ்அப்பில் ஒருவர் மரியாதையாகப் பேசுகிறார். முன்பணம் வாங்கிக்கொள்கிறார். மறுநாள் பேக்கிங் கூலி, அதற்கடுத்த நாள் லாரி வாடகை என்று கேட்கிறார். கடைசியில் ஒரு லாரி ரசீது படமும் அனுப்புகிறார். அந்த எண்ணைக் கொண்டு போய்ப் பார்சல் ஆபீஸில் கேட்டால் அப்படி ஒரு சரக்கே இல்லை. அதற்குள் அந்த போன் அணைந்திருக்கும்.

2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு இப்படிப்பட்ட போலிப் பட்டாசு வெப்சைட்டுகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பலருக்குத் தெரியாத சங்கதி இன்னொன்று: மின்வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கவே கூடாது, உரிமம் பெற்ற வியாபாரிகள் மூலமாகத்தான் விற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்றே உத்தரவு போட்டுவிட்டது. ஆகவே பட்டாசைப் பொறுத்தவரை நல்ல வெப்சைட் எது, போலி எது என்று பிரித்துப் பார்க்கும் வேலையே வேண்டாம். உரிமம் உள்ள கடைக்கு நேரில் போய் வாங்குவதே சரி.

சேலை, செருப்பு, மிக்சி என்று வரும்போதுதான் தளத்தைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. தள்ளுபடியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நேர்மையான வியாபாரிகளும் விலையை ஏற்றிப் போட்டுப் பெரிய தள்ளுபடி காட்டுகிறார்கள். முகவரிக்குப் பக்கத்தில் தெரிகிற பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். நாம் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். விற்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. 2020-ன் மின்வணிக விதிகள்படி நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அதிகாரி விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் போட்டிருந்தால் அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் அடித்துப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33-ல் தொடங்கும். எனக்கு எல்லாவற்றையும்விடப் பயனாகத் தெரிவது பணம் அனுப்பும் கட்டம். யு.பி.ஐ.யில் பின் எண் போடுவதற்கு முன்பு பெறுபவரின் வங்கிக் கணக்குப் பெயர் திரையில் வரும். பெரிய ஜவுளிக்கடை என்று சொல்லிக்கொண்டு ஏதோ வடமாநிலத் தனிநபரின் பெயர் வந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும், தெருவில் விவரம் தெரிந்த ஒருவர் இருப்பார். பணம் போவதற்கு முன்பே அவர்களிடம் காட்டுங்கள். பணம் போய்விட்டதென்றால், மானம் கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் இன்னும் வேறு கணக்குக்கு மாறாமல் இருந்தால் வங்கியில் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது; மறுநாள் காலை வரை பொறுத்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.