பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த தாள்

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு நான் கணக்கு எழுதப் போனது 1996-இல். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். எங்கள் கிடங்குக்கு இரவுக் காவலாளி ஒருவர் உண்டு. காவலாளியை அங்கே ‘அஸ்காரி’ என்பார்கள். 1998-இல் ஒருநாள் காலை, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்களாம். இந்த மாதம் பள்ளிக்கு அரசாங்கம் அனுப்பிய பணம் இத்தனை ஷில்லிங் என்று அதில் இருந்ததைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“ஸேபோ, பள்ளியில் இத்தனை பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துச் சொல்லுங்கள்” என்றார். ‘ஸேபோ’ என்றால் ஐயா. வகுத்துச் சொன்னேன். விடையை அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லி வாங்கி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம், அங்கே கேட்க வேண்டும் என்றார்.

ஊழலை அளக்க முடியுமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி சாதாரணமானதல்ல. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். 2003 ஜூலை 11 அன்று மொசாம்பிக்கின் தலைநகர் மபுட்டோவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள், ஊழலைத் தடுக்கவும் ஒழிக்கவும் ஓர் உடன்படிக்கையை ஏற்றார்கள். அது 2006-இல் நடைமுறைக்கு வந்தது. அதிகாரிகள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும், தங்கள் நாட்டில் என்ன முன்னேற்றம் என்று நாடுகள் அறிக்கை தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஜூலை 11 இன்று ஆப்பிரிக்க ஊழல் எதிர்ப்பு நாள். 2018-ஆம் ஆண்டு முழுவதையுமே ஊழல் எதிர்ப்புக்கென்று ஒன்றியம் ஒதுக்கியது.

வாக்குக் கொடுத்தாயிற்று. அது காப்பாற்றப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லஞ்சத்துக்கு ரசீது கிடையாது. வாங்கியவர் சொல்லமாட்டார், கொடுத்தவரும் பெரும்பாலும் சொல்லமாட்டார். வழக்குகளை எண்ணலாமே என்று தோன்றும். வழக்கு அதிகமுள்ள நாட்டில் ஊழல் அதிகமா, அல்லது ஊழலைப் பிடிக்கத் துணிந்தவர்கள் அதிகமா? எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் வேறு அளவுகோல்கள் வந்தன. அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நாம் செய்தித்தாளில் ஆண்டுதோறும் பார்க்கும் தரவரிசை. பீட்டர் ஐகன் என்ற ஜெர்மானியர் உலக வங்கியின் கிழக்கு ஆப்பிரிக்கப் பொறுப்பாளராக நைரோபியில் இருந்தவர். பெரிய திட்டங்களில் லஞ்சம் புகுந்து கெடுப்பதைப் பார்த்து வெறுத்து, வேலையை விட்டு, 1993-இல் பெர்லினில் ‘டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல்’ அமைப்பைத் தொடங்கினார். 1995 முதல் அது நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறது. இப்போதைய கணக்கில் 0 என்றால் படுமோசம், 100 என்றால் மிகத் தூய்மை. கணக்கிடும் முறையை 2012-இல் மாற்றியதால், அந்த ஆண்டு முதலான மதிப்பெண்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

ஒப்பிட்டால் ‘ஆப்பிரிக்கா’ என்று ஒரே வார்த்தையில் பேசுவது எவ்வளவு தவறு என்று புரியும். 2012-இல் 52 வாங்கிய செஷல்ஸ் தீவுகள் 2024-இல் 72 வாங்கின. ஐவரி கோஸ்ட் 29-இலிருந்து 45-க்கு ஏறியது. கண்டத்துக்கே முன்மாதிரி என்று சொல்லப்பட்ட போட்ஸ்வானா 65-இலிருந்து 57-க்கு இறங்கியது. தெற்கு சூடான் 2024-இல் வெறும் 8 மதிப்பெண்ணோடு உலகப் பட்டியலின் கடைசியில் நின்றது. அந்த ஆண்டு சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் சராசரி 33. உலகச் சராசரி 43.

இந்த மதிப்பெண் எப்படி வருகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். வல்லுநர்களும் தொழில் நடத்துபவர்களும் ஒரு நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதன் தொகுப்பு இது. எங்கள் அஸ்காரியை யாரும் கேட்கவில்லை. ஓர் ஆண்டில் இரண்டு மதிப்பெண் ஏறியது, இறங்கியது என்பதற்கும் பெரிய அர்த்தம் கிடையாது. பல ஆண்டுகளின் போக்குதான் முக்கியம்.

இரண்டாவது அளவுகோல், அஸ்காரியையே கேட்பது. ‘ஆஃப்ரோபாரோமீட்டர்’ என்ற ஆய்வு அமைப்பு 1999 முதல் இதைச் செய்கிறது. களப்பணியாளர் வீட்டு வாசலுக்கே போய், அந்த மனிதருக்குத் தெரிந்த மொழியில் கேட்பார். கடந்த ஓராண்டில் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா? போலீஸிடம் போனீர்களா? அடையாள அட்டை வாங்கினீர்களா? காரியம் நடக்கப் பணமோ பொருளோ கொடுக்க வேண்டியிருந்ததா? டிரான்ஸ்பரன்சி அமைப்போடு சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 35 நாடுகளில் 47,000 பேரிடம் பேசினார்கள். அரசுச் சேவைகளை நாடியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் லஞ்சம் கொடுத்திருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கில் அது சுமார் 13 கோடிப் பேர். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 80 சதவீதம், மொரீஷியஸில் 5 சதவீதம். வசதியுள்ளவர்களைவிடப் பரம ஏழைகள் லஞ்சம் கொடுக்க நேர்வது இரண்டு மடங்கு அதிகம் என்பது அதில் என்னை மிகவும் பாதித்த விவரம்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். சாலையில் வண்டியை நிறுத்துபவர் என்னிடம் ‘சாய்’ என்பார், சிரித்தபடியே. நம்மூரில் ‘டீக்கு ஏதாவது’ என்பதேதான் அது. சிலர் ‘கிட்டு கிடோகோ’ என்பார்கள், சின்னதாக ஏதாவது என்று அர்த்தம். தாள்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, முதலாளிக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டால் என்னை விட்டுவிடுவார்கள். பின்னால் வாழைத்தாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருபவருக்குப் போன் செய்ய யார் இருக்கிறார்கள்? எனக்குச் சின்னதாக இருந்தது அவருக்கு ஒருநாள் கூலி.

மூன்றாவது அளவுகோல்தான் என் தொழிலுக்குச் சொந்தமானது. பணம் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர வேண்டிய இடம்வரை அதன் பின்னாலேயே நடப்பது. இதை உலகுக்குக் காட்டியதே உகாண்டாதான். தொடக்கப் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் ஒதுக்கிவந்தது. ஏட்டில் எல்லாம் சரி. 1996-இல் ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 250 பள்ளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை ஒதுக்கிய ஒவ்வொரு நூறு ஷில்லிங்கிலும் பள்ளிக்கு வந்து சேர்ந்தது சராசரியாக 13. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு காசுகூட வரவில்லை. மீதி வழியிலேயே, மாவட்ட நிர்வாகங்களில் தங்கிவிட்டது.

அதன்பிறகு அரசாங்கம் செய்தது எளிய காரியம். எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று மாதாமாதம் செய்தித்தாளில் போட்டது. வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னது. 2001-இல் மறுபடி அளந்தபோது நூற்றில் 80-க்கு மேல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய தாள் மட்டுமே இதைச் செய்துவிடவில்லை, 1997-இல் வந்த கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி உட்பட வேறு சீர்திருத்தங்களுக்கும் பங்கு உண்டு என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அது நியாயம்தான். ஆனாலும், எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாத பெற்றோர் எதைக் கேட்பார்கள்?

இந்த மூன்றுக்கும் சிக்காமல் தப்பும் ஊழலும் இருக்கிறது. மபுட்டோவில் உடன்படிக்கை ஏற்கப்பட்டுச் சுமார் பத்து ஆண்டுகளில், அதே மொசாம்பிக்கில் மூன்று அரசு நிறுவனங்கள் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. சூரை மீன் பிடிக்கும் கப்பல்கள், கடலோரப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே அரசு ஜாமீன் நின்றது. பாதிக்கு மேற்பட்ட கடன் 2016 வரை மறைத்தே வைக்கப்பட்டிருந்தது. வெளியே தெரிந்ததும் உதவி கொடுத்த நாடுகள் கையை விரித்தன, நாணயத்தின் மதிப்பு சரிந்தது. தரவரிசையில் மொசாம்பிக்கின் மதிப்பெண் 2015-இல் 31, 2018-இல் 23. களவு நடந்தது 2013, 2014-இல். மதிப்பெண் விழுந்தது களவு அம்பலமான பிறகு. தெரியாத ஊழலை எந்த வல்லுநராலும் நினைத்துப் பார்க்க முடியாது அல்லவா?

இதில் இன்னொன்றும் உண்டு. கடன் கொடுத்த வங்கிகளில் ஒன்று கிரெடிட் சுயிஸ். இந்த விவகாரத்துக்காக 2021-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளோடு சமரசத்துக்கு வந்து சுமார் 47.5 கோடி டாலர் கட்டியது. மொசாம்பிக்கின் அன்றைய நிதியமைச்சர் மானுவல் சாங் 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அந்த வங்கியின் தாய்நாடான சுவிட்சர்லாந்து அதே 2024 பட்டியலில் வாங்கிய மதிப்பெண் 81. அந்தப் பட்டியல் அளப்பது நாட்டின் அரசுத் துறையை மட்டும். அங்கிருந்து கிளம்பும் தனியார் பணத்தை அது பார்ப்பதில்லை. முறைகேடான வழிகளில் ஆண்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறுகிறது என்று தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அதிபர் தாபோ இம்பெக்கி தலைமையிலான குழு 2015-இல் சொன்னது. அந்தப் பணத்துக்குக் கதவு திறந்துவிடும் நாடுகளுக்கும் மதிப்பெண் போட்டால்தான் கணக்கு முழுமையாகும்.

வருடக் கணக்கை முடிக்கும்போது மேலிருந்து வரும் தொகையையும் கீழே போய்ச் சேர்ந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் வாழ்நாள் பழக்கம். அந்தப் பழக்கம் பணத்துக்கு உரியவர்களுக்கும் வர வேண்டும் என்பதுதான் நான் கம்பாலாவில் கற்றது. தரவரிசைகள் வேண்டும், அவை தலைவர்களைக் கூச வைக்கின்றன. ஆனால் கேட்டுப் பெறுவதற்கு ஏழைக்குத் தேவை தன் பள்ளிக்கு, தன் ஆஸ்பத்திரிக்கு வந்த தொகை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சீட்டைக் காட்டிக் கேட்டாராம் எங்கள் அஸ்காரி. தலைமையாசிரியர் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து, சாக்பீஸ், பெஞ்சு என்று வரிவரியாக வாசித்தாராம். அடுத்த மாதமும் சீட்டோடு வந்தார், வகுத்துக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் வந்தபோது விடை ஏற்கெனவே எழுதியிருந்தது. மகள் போட்டாளாம். சரியா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்.

சரியாகத்தான் இருந்தது.