நூலிழையில் சிக்கும் பெரிய மீன்!

கைபலம் தோற்ற இடத்தில் கைப்பதம் வென்ற கதை

ஏரி நிறையத் தண்ணீர். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் மீன் நிற்பதுகூடத் தெரிகிறது. தூண்டிலில் கொழுத்த இரையை மாட்டி, மீனின் முகத்துக்கு நேராகப் போடுகிறீர்கள். மீன் பார்க்கிறது. பார்த்துவிட்டு மெள்ளத் திரும்பிப் போய்விடுகிறது!

இன்னும் பெரிய இரையைப் போடுகிறீர்கள். அதற்கும் மசியவில்லை. பளபளக்கும் இரை, சத்தம் போடும் இரை, எல்லாம் போட்டாயிற்று. காலை போய் மாலை வந்துவிட்டது. ஒரு மீன்கூட இல்லை.

பக்கத்துப் படகில் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் மெலிந்த ஒரு கோல். கண்ணுக்குத் தெரியாத நரம்பு. அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் புழு. அவர் பெரிதாக ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கோல் வளைகிறது! மீன் வருகிறது! சிறிது நேரத்தில் மறுபடியும் வளைகிறது!

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்களில் இந்தக் காட்சியைக் கண்டு வயிறு எரியாதவர் குறைவு. அந்தப் படகுக்காரர் செய்யும் வித்தைக்கு 'ஃபினெஸ்' என்று பெயர். நயமாகப் பிடிப்பது என்று பொருள். அது என்ன நயம்? அதை யாரும் கற்க முடியுமா? பார்ப்போம்.

யார் இந்தப் பாஸ்?

பாஸ் என்பது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். ஏரியிலும் ஆற்றிலும் வாழும். பெருவாய்ப் பாஸ், சிறுவாய்ப் பாஸ் என்று முக்கியமாக இரண்டு வகை. சாதாரணமாகக் கிடைப்பது ஒரு கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும். ஆனால் 1932-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் பிடித்த பெருவாய்ப் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடை இருந்தது. பத்துக் கிலோவுக்கும் மேல்!

இந்த மீன் இரையைக் கடித்துத் தின்பதில்லை. வாயைப் படக்கென்று திறக்கும். தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். உள்ளே போனது உணவல்ல என்று தெரிந்தால், அதே வேகத்தில் வெளியே துப்பிவிடும். தூண்டில் போட்டவருக்கு ஒன்றுமே தெரியாமல் இது நடந்து முடிந்துவிடும்!

அது மட்டுமல்ல. பாஸின் உடம்பில் இரண்டு பக்கமும் ஓர் உணர்வுக் கோடு ஓடுகிறது. தண்ணீரில் உண்டாகும் சிறு அதிர்வையும் அது காட்டிக் கொடுத்துவிடும். தண்ணீர் தெளிவாக இருந்தால், அல்லது நாள்தோறும் பலர் வந்து தூண்டில் போடும் ஏரியாக இருந்தால், இந்த மீன் மிகவும் உஷாராகிவிடும். குளிர்காற்று அடித்து ஓய்ந்த மறுநாளும் வாயைத் திறக்க யோசிக்கும். அத்தகைய நாளில்தான் சிறிய இரையும் மெல்லிய நரம்பும் கைகொடுக்கின்றன.

மில்காரர் கண்ட ரீல்

சிறிய இரை என்றால் எவ்வளவு சிறியது? 2 கிராம் முதல் 7 கிராம் வரை எடை. இவ்வளவு லேசான பொருளைத் தொலைவில் எறிவது எப்படி?

வீட்டில் தையல் நூல் கண்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் துளையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, நூலைப் பக்கவாட்டில் இழுங்கள். கண்டு உருண்டால்தான் நூல் வரும். இப்போது கண்டை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, நூலை மேல்நோக்கி இழுங்கள். கண்டு அசையாது. நூல் மட்டும் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகக் கழன்று வரும்.

இதுதான் ரகசியம்! பழைய மாதிரி ரீலில், எறியும் இரைதான் நரம்புச் சுருளை உருட்ட வேண்டும். கனமான இரைக்கு அந்தச் சக்தி உண்டு. 3 கிராம் புழுவுக்கு ஏது? ஸ்பின்னிங் ரீலில் சுருள் நகராமல் நிற்கிறது. நரம்பு தானே கழன்று ஓடுகிறது. அதனால் லேசான இரையும் பறந்து போகிறது.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற நெசவு நகரத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், 1905-ஆம் ஆண்டில் இத்தகைய ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் மில் தொழிலில் இருந்தவர். மில்லில் நூல் கழன்று ஓடுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், மீன்பிடிக்கும் கருவிக்கு வழிகாட்டியது.

அடுப்பில் பிறந்த புழு

ரீல் வந்தது. இரை? அதுவும் ஒரு வீட்டுக் கதைதான்.

1949-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து அக்ரான் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவருடைய மனைவி காஸ்மாவும் மெத்தென்ற பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அச்சில் ஊற்றிப் புழு செய்தார்கள். தொட்டால் உயிருள்ள புழுபோலவே இருந்தது. தண்ணீரில் நெளிந்தது. இன்று ஃபினெஸ் முறையில் பயன்படும் பிளாஸ்டிக் புழுக்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை.

மூன்று வழிகள்

ஃபினெஸில் பல முறைகள் உண்டு. புதிதாகக் கற்பவர் மூன்றை அறிந்தால் போதும்.

முதலாவது 'டிராப் ஷாட்'. வழக்கமாக ஈயக் குண்டு மேலே இருக்கும், முள் நுனியில் இருக்கும். இதில் தலைகீழ்! நுனியில் ஈயம். அதற்கு ஓர் அடி மேலே முள். ஈயம் தரையில் உட்கார்ந்துகொள்ளும். புழு தண்ணீரில் மிதப்பதுபோல் நிற்கும். இருந்த இடத்திலேயே அதை ஆட வைக்கலாம். இந்த முறை ஜப்பானிலிருந்து வந்தது. 1990-களில் கலிபோர்னியாவுக்குப் பரவி, பிறகு அமெரிக்கா முழுவதையும் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது 'வாக்கி'. புழுவின் தலையில் முள்ளை மாட்டாமல், நட்டநடுவில் குத்துவது. புழு இறங்கும்போது இரண்டு முனைகளும் இறக்கைபோல் படபடக்கும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இறங்க விட்டாலே போதும்.

மூன்றாவது 'நெட் ரிக்'. கன்சாஸ் மாகாணத்து எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் வழங்குவது. காளான் வடிவில் ஒரு சிறிய ஈயத் தலை. அதில் மூன்று அங்குலம்கூட இல்லாத, மிதக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் துண்டு. தலை தரையில் படிய, வால் மேலே நிமிர்ந்து நிற்கும். பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் அந்த 'ஒன்றுமில்லாத' இரையைத்தான் மீன் சந்தேகப்படுவதில்லை!

கற்பவர் செய்யும் தவறுகள்

கருவி மிகச் சாதாரணம். ஏழு அடிக்குள் ஒரு லேசான கோல். நடுத்தரமான ஸ்பின்னிங் ரீல். ரீலில் பின்னிய மெல்லிய நரம்பு. அதன் நுனியில் ஒரு பாகம் நீளத்துக்கு 6 அல்லது 8 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு. பின்னிய நரம்பு நீளாது. அதனால் சிறு தொடுகையையும் கைக்குக் கொண்டு வரும். மற்றது தண்ணீரில் எளிதில் தெரியாது.

புதியவருக்குத் தொல்லை எங்கே வருகிறது? நரம்பு முறுக்கிக்கொண்டு சிக்கலாவதில்தான். அதற்கு மருந்து உண்டு.

ரீலில் நரம்பை விளிம்புவரை நிரப்பாதீர்கள். எட்டில் ஒரு அங்குலம் இடம் விடுங்கள். நிரம்பி வழிந்தால் கொத்தாகக் கழன்று விழும்.

எறிந்த பிறகு, நரம்பை வாரிச் சுற்றும் வளைகம்பியைக் கையாலேயே மூடுங்கள். கைப்பிடியைச் சுழற்றி மூடுவது சுலபம்தான். ஆனால் அப்படி மூடினால் தளர்ந்த நரம்பு சுருளில் சிக்கும்.

ரீலின் முன்பக்கம் 'டிராக்' என்ற திருகு இருக்கிறது. மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறுந்துபோகாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. அதை நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இறுக்கக் கூடாது. 6 பவுண்டு நரம்பானால், 2 பவுண்டு இழுப்பிலேயே நரம்பு ஓட வேண்டும். வில்தராசு இருந்தால் கட்டி இழுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது கைப்பிடியைச் சுழற்றாதீர்கள். நரம்பு உள்ளே வராது, முறுக்குத்தான் ஏறும். ஓடட்டும் என்று பொறுங்கள். நின்றதும் சுற்றுங்கள்.

கை காதாக வேண்டும்

இவையெல்லாம் ஒரு நாளில் கற்கக்கூடியவை. கஷ்டமானது வேறு.

புழுவை ஆட்ட வேண்டும் என்றதும், புதியவர் கோலைத் தூக்கித் தூக்கி அடிக்கிறார். புழு துள்ளுகிறது. மீன் மிரளுகிறது. அனுபவசாலி என்ன செய்கிறார்? நரம்பைச் சற்றுத் தளர விடுகிறார். அந்தத் தளர்ச்சியை மட்டும் மணிக்கட்டால் லேசாக நடுங்க வைக்கிறார். புழு இருந்த இடத்தை விட்டு நகராமல் சிலிர்க்கிறது. பிறகு நிறுத்துகிறார். பத்து விநாடி. இருபது விநாடி. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் இங்கே ஒரு வேலை!

மீன் வந்ததை அறிவது எப்படி? வெடுக்கென்ற இழுப்பை எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவீர்கள். சில சமயம் 'டிக்' என்று ஒரு தட்டல். சில சமயம் ஈரத்துணி தொங்குவதுபோல் ஒரு கனம். சில சமயம் நரம்பு ஓசையில்லாமல் பக்கவாட்டில் நகரும். அவ்வளவுதான் செய்தி. இறுகப் பிடித்த கைக்கு இந்தச் செய்தி கேட்காது.

செய்தி வந்ததும் பலங்கொண்ட மட்டும் வெட்டி இழுக்கக் கூடாது. மெல்லிய நரம்பு அறுந்துவிடும். தளர்ச்சியைச் சுற்றி எடுத்துக்கொண்டு, கோலைச் சீராகச் சாய்த்தால் போதும். மெல்லிய முள் தானே ஏறிக்கொள்ளும்.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். முள்ளை எடுத்துவிட்டு நரம்பில் ஈயத்தை மட்டும் கட்டித் தரையில் வையுங்கள். ஒருவர் கோலைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பத்தடி தள்ளி நின்று இன்னொருவர் நரம்பை விரலால் தொடட்டும். தொட்டதைச் சொல்ல வேண்டும். குழந்தைகள் இந்த விளையாட்டில் பெரியவர்களைத் தோற்கடித்தாலும் ஆச்சரியமில்லை. அவர்கள் கை இறுகுவதில்லை!

தாயோடு கற்ற வித்தை

டிராப் ஷாட் முறைக்கு அமெரிக்காவில் புகழ் சேர்த்தவர்களில் ஒருவர் ஆரன் மார்டென்ஸ். கலிபோர்னியாக்காரர். இளமையில் தம் தாயாரோடு ஜோடி சேர்ந்து மீன்பிடிப் போட்டிகளில் கலந்துகொண்டவர். 2005, 2013, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டின் சிறந்த பாஸ் பிடிப்பாளர் என்ற பட்டத்தைப் பெற்றார்.

ஆனால் பாஸ் மீன்பிடிப்பில் மிகப் பெரிய போட்டியான 'கிளாசிக்'கில் அவர் நான்கு முறை இரண்டாம் இடத்தோடு நின்றார். 2005-ஆம் ஆண்டு போட்டி பிட்ஸ்பர்க் நகரத்து ஆறுகளில் நடந்தது. மீன் கிடைப்பதே அரிதாக இருந்தது. மூன்று நாள் பாடுபட்டு வென்றவர் பிடித்த மொத்த மீன் எடை 12 பவுண்டு 15 அவுன்ஸ். மார்டென்ஸ் பிடித்தது 12 பவுண்டு 9 அவுன்ஸ். வித்தியாசம் ஆறே அவுன்ஸ். ஒரு டம்ளர் பாலின் எடைகூட இல்லை!

மீன் வாயைத் திறக்காத நாளில் ஒரு சிறு மீனுக்கு என்ன மதிப்பு என்பதை அந்த ஆறு அவுன்ஸ் சொல்லும். தட்டிய தட்டலைக் கை கேட்கத் தவறினால் பட்டமே போய்விடும். மார்டென்ஸ் 2021-ஆம் ஆண்டில், 49-ஆம் வயதில் காலமானார். அவர் கையாண்ட மெல்லிய நரம்பு முறை இன்று ஆயிரக்கணக்கானவர் கையில் இருக்கிறது.

மீனுக்கும் உயிர்தானே!

மெல்லிய நரம்பில் ஓர் ஆபத்தும் உண்டு. மிகவும் மெல்லியதாகப் போட்டால் மீனை இழுத்துக் கரை சேர்க்க வெகுநேரம் ஆகும். மீன் களைத்துப் போகும். நரம்பு அறுந்தால் முள் அதன் வாயிலேயே தங்கிவிடும். ஆகவே தண்ணீருக்கும் இடத்துக்கும் ஏற்ற நரம்பைப் போடுவதுதான் நியாயம். செடிகொடி அடர்ந்த இடத்தில் ஃபினெஸ் வேண்டாம். சிறிய முள்ளை மீன் ஆழமாக விழுங்கிவிட்டால், பிடுங்கிக் காயப்படுத்தாமல் நரம்பைக் கத்தரித்து விடுவது நல்லது என்கிறார்கள்.

பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தை, அவற்றை நடத்திய ரே ஸ்காட் 1972-ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தார். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுகிறார்கள். எடை பார்த்ததும் தண்ணீரில் விடுகிறார்கள்.

ஆனால் ஜப்பானில் நிலைமை வேறு! 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்ட பாஸ், நாடெங்கும் பரவி, அந்த நாட்டுச் சிறு மீன்களைத் தின்று தீர்க்கத் தொடங்கியது. பீவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதை 2003-ஆம் ஆண்டில் தடை செய்தார்கள். ஒரே மீன், ஓர் ஊரில் செல்லப்பிள்ளை, இன்னோர் ஊரில் வேண்டாத விருந்தாளி! எந்த மீனையும் அதற்குச் சொந்தமில்லாத தண்ணீரில் விடக் கூடாது என்பதற்கு இது பெரிய பாடம்.

மறுபடியும் அந்த ஏரிக்கு வருவோம். மாலை நேரம். காலையில் கோலைத் தூக்கித் தூக்கி அடித்தவர் இப்போது சிறிய புழுவைக் கட்டியிருக்கிறார். டிராக்கைத் தளர்த்தியிருக்கிறார். விரலை நரம்பின்மேல் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருக்கிறார். ஒரு 'டிக்'!

அவர் இழுக்கவில்லை. மெள்ளச் சாய்க்கிறார். கோல் வளைகிறது!