மனிதப் புவியியல்: பரீட்சைக்கு முன் ஒரு மீட்டல்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில், மனிதப் புவியியல் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறும் பிள்ளைகள் பலர். இடம்பெயர்ந்து பாடசாலை மாறியவர்களுக்குக் குறிப்புகள்கூட முழுமையாக இருப்பதில்லை. பெற்றோராகிய நீங்கள் இதில் உதவ முடியும். பாடநூலில் வரும் சொற்கள் உங்களுக்குப் புதியவையாக இருக்கலாம்; அவற்றில் பலவற்றை நீங்கள் வாழ்ந்தே அறிந்திருக்கிறீர்கள். பிள்ளை வரைவிலக்கணத்தை வாசிக்கட்டும், உதாரணத்தை நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் இடப்பெயர்வு. ஒருவரை ஊரை விட்டு வெளியேறத் தூண்டுபவை தள்ளும் காரணிகள். புதிய இடத்தின்பால் கவர்பவை இழுக்கும் காரணிகள். மழை பொய்த்தல், நிலம் துண்டுபடல் முதல்வகை. தொழில், பாடசாலை, வைத்தியசாலை இரண்டாம்வகை. 1885 இல் ரவென்ஸ்ரைன் என்பவர் இடப்பெயர்வு பற்றிச் சில விதிகளை வகுத்தார். பெரும்பாலானோர் குறுந்தூரமே செல்வர், படிப்படியாக நகர்வர், ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிரான ஒரு திரும்பல் ஓட்டம் உண்டு என்பவை அவற்றுள் முக்கியமானவை. 1966 இல் எவரெட் லீ இதனுடன் இடையில் வரும் தடைகளையும் ஆளுக்காள் வேறுபடும் நிலைமைகளையும் சேர்த்துக்கொண்டார்.

இந்த அளவை எழுதினால் பாதிப் புள்ளி கிடைக்கும். மீதிப் புள்ளி, கோட்பாடு எங்கே பொருந்தவில்லை என்று காட்டுவதில் இருக்கிறது. தள்ளலும் இழுத்தலும் மனிதன் இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறான் என்ற எண்ணத்தில் எழுந்தவை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு ஒப்பிட அவகாசம் கொடுக்கப்படவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கமாக நடந்த மக்களுக்கும் அப்படியே. இதனைப் புவியியலாளர் கட்டாய இடப்பெயர்வு என்று வேறாக வகுப்பர். ஆயினும் ரவென்ஸ்ரைன் முற்றாகத் தோற்றுவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். வலிகாமத்தார் முதலில் தங்கியது அருகிலுள்ள தென்மராட்சியிலும் வடமராட்சியிலும். அங்கிருந்து ஒரு பகுதியினர் கடல்நீரேரி கடந்து வன்னிக்குப் போயினர். 1996 இல் பெருந்தொகையினர் யாழ்ப்பாணம் திரும்பினர். குறுந்தூரம், படிமுறை, எதிரோட்டம் மூன்றும் இதில் உள்ளன.

இங்கே ஒரு சொல் விளக்கம் அவசியம். எமது பேச்சில் முகாமில் இருந்தவர் எல்லோரும் அகதிகள். 1951 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி நாட்டின் எல்லையைக் கடந்தவரே அகதி. வள்ளமேறித் தமிழ்நாடு சென்றவர் அகதி. புத்தளத்திலோ வவுனியாவிலோ தஞ்சமடைந்தவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். இவர்களுக்கான வழிகாட்டும் நெறிமுறைகள் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்டது 1998 இல்தான். அவை உடன்படிக்கையின் கட்டாயத்தன்மை உடையவையும் அல்ல. விடைத்தாளில் மட்டுமன்றி, படிவங்கள் நிரப்பும்போதும் இந்த வேறுபாடு பயன்படும்.

அடுத்தது குடித்தொகை அடர்த்தி. மொத்த மக்களை மொத்த நிலப்பரப்பால் வகுப்பது எண்கணித அடர்த்தி. 2012 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 630 பேர், முல்லைத்தீவில் 38 பேர். இதைக் கண்டு முல்லைத்தீவில் ஆளுக்கு ஏராளமான வயல் உண்டு என்று எழுதிவிடக் கூடாது. அங்கே பெரும்பகுதி காடு. பயிரிடத்தக்க நிலத்தால் மட்டும் வகுத்துப் பார்ப்பது உடற்றொழில் அடர்த்தி. கமக்காரனுக்குப் பொருளுள்ள கணக்கு அதுவே. கணிப்பு எடுக்கப்பட்ட ஆண்டையும் குறிப்பிட வேண்டும். போர் முடிந்து மூன்று ஆண்டுகளில் எடுத்த எண்ணிக்கை, ஊர் திரும்பாதவர்களை அவர்களது ஊரில் காட்டாது.

வொன் தூனன் என்னும் ஜெர்மானியர் தாமே பண்ணை நடத்தியவர். 1826 இல் அவர் வெளியிட்ட மாதிரியில் நடுவே ஒரு நகரம், சுற்றிவர வளையங்கள். பாலும் மரக்கறியும் நகரை அண்டி விளையும், ஏனெனில் அவை பழுதாகும். அடுத்து விறகு தரும் காடு. அக்காலத்தில் எரிபொருள் அதுவே, பாரமும் அதிகம். பிறகு தானியம், கடைசியில் தானே நடந்து சந்தைக்கு வரக்கூடிய கால்நடை. தக்காளிக்காரன் சந்தைக்குக் கிட்ட இருக்க விரும்புவதும், செத்தல் மிளகாயும் நெல்லும் தூரத்திலிருந்து வந்தாலும் கட்டுப்படியாவதும் இதே கணக்குத்தான். இதை உங்களைவிட நன்றாக எந்த ஆசிரியரும் விளக்கமாட்டார்.

ஆனால் அவர் ஒரே மாதிரியான சமவெளியையும் தடையில்லாத போக்குவரத்தையும் எடுகோளாகக் கொண்டார். தூரத்தைக் கிலோமீற்றரில் அளந்தால் தனித்தூரம். நேரத்தாலும் செலவாலும் அளந்தால் சார்புத்தூரம். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீற்றர். 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை அடைபட்டு, மக்கள் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தபோதும் நிலப்படத்தில் அதே தூரந்தான். 2002 இல் ஏ9 வீதி திறந்ததும் சார்புத்தூரம் சுருங்கியது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டதும் மீண்டும் நீண்டது. சந்தைக்கு எதை விளைவிப்பது என்ற முடிவும் அதனுடன் மாறியது.

மல்தஸையும் பொசரப்பையும் சேர்த்துப் படிப்பது நல்லது. 1798 இல் மல்தஸ், மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்றார். 1965 இல் எஸ்தர் பொசரப், நெருக்கடி வரும்போது மனிதன் நிலத்தைக் கூடுதலாக உழைக்க வைப்பான் என்றார். கிணற்று நீரால் சிறு துண்டுச் செம்மண்ணில் ஆண்டு முழுவதும் வெங்காயமும் புகையிலையும் மாறிமாறி எடுத்த யாழ்ப்பாணத் தோட்டச் செய்கை பொசரப்பின் பக்கம் நிற்கிறது. நிலத்தடி நீர் உவராவதும் நைத்திரேற்று கூடுவதும் மல்தஸின் பக்கம்.

குடித்தொகை நிலைமாறல் கோட்பாட்டுக்கு இலங்கையே சிறந்த உதாரணம். 1946 இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்கு இறங்கியது. மலேரியா நுளம்புக்கு டீ.டீ.ரீ. தெளித்ததே காரணம் என்று பலர் எழுதுவர். உணவு விநியோகமும் வைத்தியசாலைகளும் சீரடைந்ததையும் சேர்த்து எழுதுபவருக்குப் புள்ளி கூடும். பிறப்பு வீதம் உடனே இறங்கவில்லை; அந்த இடைவெளியில்தான் குடித்தொகை பெருகியது. இதற்குரிய வரைபை இரண்டு கோடுகளாக ஒருமுறையாவது பிள்ளை பார்க்காமல் வரைந்து பழகட்டும். அச்சுகளுக்குப் பெயரிட மறப்பதாலேயே பலர் புள்ளி இழக்கிறார்கள்.