ஜடேஜாவைக் கொடுத்தது சரிதானா?

எங்கள் வகுப்பில் ராஜபாளையத்து மாணவியரும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவியரும் ஒரே பேருந்தில் வந்தாலும், ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சி. 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டதே அது.

நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவது போன்றதன்று இந்த மாற்று. வீரரின் சம்மதம் வேண்டும். சம்பளமும் பேசப்படும். சாம்சனுக்கு 18 கோடி ரூபாய். ஜடேஜாவுக்கு 18 கோடி 14 கோடியாகக் குறைந்தது.

சாம்சனுக்கு அப்போது வயது 31, ஜடேஜாவுக்கோ 37 ஆகவிருந்தது. தோனிக்குப் பின் விக்கெட் கீப்பர் வேண்டாமா என்கின்றனர் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழியர். நியாயம்தான். ஆனால் ஜடேஜா பாய்ந்து தடுத்த பவுண்டரிகளை எந்த ஸ்கோர் அட்டையில் எழுதினார்கள்? அடித்த ரன்னுக்குக் கணக்குண்டு. தடுத்த ரன்னுக்கு இல்லை. களத்தடுப்பில் வல்லவருக்கு விலை சொல்வது கடினமாவது இதனால்தான். 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் அவர் அடித்த சிக்ஸரும் பவுண்டரியும் மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கின்றன!

அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்திலும் இவ்வழக்கு பழையது. பந்து வீச்சிலும் மட்டையிலும் சிறந்த பேப் ரூத்தை பாஸ்டன் அணி 1919 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸுக்குப் பணத்துக்கு விற்றது. 1918இல் வென்ற பாஸ்டன், அடுத்து உலகத் தொடரை வென்றது 2004இல்தான்.

சென்னை பணம் வாங்கவில்லை, ஆளை வாங்கியது. அந்த மட்டில் நல்லதே. கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அதிகம் என்பது ராஜபாளையத்தாராகிய எங்கள் எண்ணம்.